தாராவியிலிருந்து ஆறு பத்துக்கு

வேங்கடசுப்ரமணியன் தாராவிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 1967 நவம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்துவிடலாம். இருந்தும் முப்பத்தொரு வயது வரை அங்கே வர அவருக்கு ஒரு காரணம் வாய்க்கவில்லை. இப்போது வாய்த்திருந்தது. கக்கத்தில் நூறு படிவங்கள், சட்டைப் பையில் சீவிய பென்சில் இரண்டு, நெற்றியில் வியர்வை.

பம்பாயும் அதைச் சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்களும் அவரவர் இஷ்டத்துக்குச் சாலை போட்டு, பாலம் கட்டி, ஒன்றின் சாலை அடுத்ததன் எல்லையில் முட்டிக்கொண்டு நின்ற காலம் அது. இதைச் சரிசெய்ய அந்த ஊர்களின் நகராட்சிகளும் ரயில்காரர்களும் பஸ்காரர்களும் சர்க்காரும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பங்கு போட்டு ஒரு பொது நிதி. எங்கே பாலம் வர வேண்டும், எங்கே பஸ் ஓட வேண்டும் என்று குழு கூடிப் பேசி முடிவு செய்யும். முடிவு செய்வதற்கு முன்னால் ஜனங்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தெரிய வேண்டுமே? அதற்காகத்தான் வீடு வீடாக ஆள் அனுப்பியிருந்தார்கள். குழு அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளராக இருந்த வேங்கடசுப்ரமணியனுக்குத் தாராவி விழுந்தது.

பத்தாவதோ பதினோராவதோ வீட்டில் கோமதியம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. கட்டை குட்டையான உடம்பு, உரத்த குரல். அவளுடைய புருஷன் நம்பிராஜன் எதிர்ச் சுவரில் போர்வையை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு தோல் பட்டறையில் பெல்ட் தைக்கிற வேலை. வீடு ஒற்றைக் கோலி. அந்த ஒரே அறைக்குள் அவர்கள் இரண்டு பேர், இரண்டு பெண்பிள்ளைகள், நம்பிராஜனின் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய கைக்குழந்தை.

"நீங்க வேலைக்குப் போறேளா?" என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் வேங்கடசுப்ரமணியன்.

"போகாம? செம்பூருக்கு அங்கிட்டு மருந்து பேக்டரியில பாட்டில் கழுவுதேன். பதினோரு வருசமா."

"எதுல போறேள்? ரயில்னா ஒண்ணு, பஸ்ஸுன்னா ரெண்டு, டாக்ஸி மூணு, சொந்தக் கார் நாலு, சைக்கிள் அஞ்சு."

"கார நேத்துத்தான் கழுவப் போட்டிருக்கு சார்," என்றார் நம்பிராஜன் போர்வையை உதறியபடி.

கோமதியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க சும்மா கெடங்க. நடந்து போறேன் சார்."

"சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தா?"

"பேக்டரி வரைக்கும்."

வேங்கடசுப்ரமணியன் பென்சிலை நிறுத்தினார். "அஞ்சு மைல் இருக்குமே அம்மா! சயான்ல ரயில் ஏறப்படாதா?"

"சயான்ல ஏறி, குர்லாவுல மாறி, செம்பூர்ல எறங்கி, அங்கன இருந்து மறுபடியும் நடக்கணும். பஸ்ஸுன்னா ரெண்டு பஸ்ஸு மாறணும். வாங்குத பகார்ல பஸ்காரனுக்குப் பாதியக் குடுத்துட்டு நான் பாட்டிலக் கழுவி என்னத்துக்கு?"

பகார் என்றால் சம்பளம் என்பது பம்பாயில் பிறந்த வேங்கடசுப்ரமணியனுக்குத் தெரியும். அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். ஐந்துக்கு மேல் எண் இல்லை. நடப்பதற்கென்று ஒரு கட்டமே இல்லை. மேலிடத்தில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. வாகனத்தில் ஏறாதவர்களுக்குச் சுழி போட வேண்டும். போட்டார்.

"அது என்ன முட்டை போட்டிருக்கீக?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "பயணம் இல்லைன்னு அர்த்தம்மா," என்றார்.

கோமதியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். "பயணம் இல்லாமலா சார் இம்புட்டுப் பித்தவெடிப்பு?"

அவள் அவரை மேற்கொண்டு வாட்டவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "உங்களச் சொல்லிக் குத்தமில்ல. எவனோ அடிச்ச பேப்பரு. நாளைக்கு வாங்க. அஞ்சேகாலுக்குக் கெளம்புதோம். எங்ககூட வந்து பாத்துட்டு, அதுக்கப்பறமும் முட்டை போடணும்னா போடுங்க."

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய்ப் படிவங்களைப் புரட்டினார். நாற்பத்தாறு வீடு. எழுபத்தொரு சுழி. எழுபத்தொரு பேர் எங்கேயுமே போகாமல் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே போனார். தாராவி முனையில் பெண்கள் இரண்டும் மூன்றுமாக வந்து சேர்ந்து, சேர்ந்ததும் நிற்காமல் நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை; ஆனால் யாரும் தனியாகவும் போகவில்லை. பேச்சும் வளையல் சத்தமும் டப்பா ஆடுகிற சத்தமுமாக ஒரு ஊர்வலம் சயான் பாலத்தை நோக்கி நகர்ந்தது. நடுவில் கோமதியம்மாள். அவள் பக்கத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நம்பிராஜன்.

"நீங்களும் செம்பூரா?" என்று கேட்டார் வேங்கடசுப்ரமணியன்.

"இல்ல சார். எனக்குப் பட்டறை இங்கனயேதான். எட்டு மணிக்குப் போனாப் போதும். சயான் வரைக்கும் இவகூட வந்துட்டுத் திரும்பிருவேன்."

"எதுக்கு?"

நம்பிராஜனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை போலிருந்தது. "சும்மாதான்," என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அது வேங்கடசுப்ரமணியனுக்கே விளங்கிற்று. அவர்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்குச் சற்றுப் பின்தங்கி, தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். மூத்தவளுக்குப் பாவாடை போதவில்லை என்று, தம்பிக்கு வேறு கோலி பார்க்க வேண்டும் என்று, முந்தாநாள் தின்ற மீன் சரியில்லை என்று. நடுவில் ஒருமுறை அவள் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். ஏழு பேர் படுக்கிற அறையில் இந்தப் பேச்சுக்கெல்லாம் எங்கே இடம்? வேங்கடசுப்ரமணியன் நடையை எட்டிப் போட்டு முன்னால் போனார்.

சயான் சர்க்கிளில் நம்பிராஜன் டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு நீளமான டிராம்பே ரோடு. இரண்டு பக்கமும் சதுப்பு, உப்புக் காற்று, எதிரே வரும் லாரி வெளிச்சம். கோமதியம்மாளின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி அன்னத்தாய், ஆறு மாதக் கர்ப்பிணி, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தாள். பேக்டரி கேட்டில் ஏழு மணிக்குச் சங்கு ஊதியபோது வேங்கடசுப்ரமணியன் எண்ணி முடித்திருந்தார். அந்த ஒரு சாலையில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அவர் திரும்பி ரயிலில் வந்தார். அன்றிரவு வெந்நீரில் காலை ஊறவைத்தபோது அவர் மனைவி, "ஆபீஸ் உத்தியோகம்னுதானே எங்கப்பா கொடுத்தார்?" என்று கேட்டாள்.

குழு அலுவலகத்தில் வேங்கடசுப்ரமணியனுக்கு மேலதிகாரி மிஸ் ரோஷன். பார்சிப் பெண்மணி, ஐம்பது வயது, வெள்ளிக் கம்பிக் கண்ணாடி. அலுவலகத்தில் அவளுக்கு எல்லோரும் பயந்தார்கள். வேங்கடசுப்ரமணியனும் பயந்தார்; ஆனால் அவள் நியாயஸ்தி என்பதும் அவருக்குத் தெரியும். நடந்ததை ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் படிவத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இதை வரைந்தது யார் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"நான்தான்," என்றாள். "நான் சின்ன வயதிலிருந்து காரில் போகிறவள்." படிவத்தை மேஜையில் வைத்தாள். பிறகு, "நாற்பதாயிரம் அச்சடித்தாகிவிட்டது. திரும்ப அடிக்கக் காசு கிடையாது. சுழி போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போங்கள். நடக்கிறவர்களைத் தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். குழுவில் நான் பேசுகிறேன்," என்றாள்.

ஜனவரிக் கூட்டத்தில் பேசவும் செய்தாள். தாராவியிலிருந்து செம்பூருக்கு ஒரு நேரடி பஸ், மூன்று மாதச் சோதனை ஓட்டம். நஷ்டம் வந்தால் பஸ் நிர்வாகம் ஒரு பங்கு, சர்க்கார் ஒரு பங்கு, பொது நிதி ஒரு பங்கு. நாள் முழுக்க ஓட்டினால் ஒரு நாளைக்கு நூற்றெண்பது ரூபாய் கையைக் கடிக்கும் என்று பஸ் நிர்வாகத்துக்காரர் கணக்குச் சொன்னார். ஆக, பொது நிதிக்கு அறுபது.

பொது நிதி என்றதும் தூரத்து ஊர் ஒன்றின் நகராட்சித் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய மீசை, பருத்த உடம்பு. தன் ஊருக்கு ஒரு ரயில்வே மேம்பாலம் கேட்டு இரண்டு வருஷமாக நடையாய் நடக்கிறவர். "எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிய வரி இது. தாராவிப் பெண்களுக்கு பஸ் விட அவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? அதுவும் பஸ்ஸில் ஏறவே ஏறாத பெண்களுக்கு? பஸ் தேவையில்லை என்றுதானே தினமும் காலால் நடந்து காட்டுகிறார்கள்?"

சிலர் சிரித்தார்கள். ஓட்டெடுப்பில் தீர்மானம் தோற்றது. "அவர்கள் ஏறுவார்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்," என்று முடித்துவிட்டார்கள்.

அத்தாட்சி தேடி வேங்கடசுப்ரமணியன் பிப்ரவரியில் மறுபடியும் கோமதியம்மாள் வாசலுக்கு வந்தார். இந்த முறை அவரைப் பார்த்ததும் பாய் விரித்தார்கள். பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அன்னத்தாய்க்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தன் வீட்டு நிலையில் சாய்ந்து நின்றபடியே பேசினாள்.

"பத்துப் பைசா டிக்கெட்டுன்னா ஏறுவேளா? போகும்போதும் வரும்போதும்?" என்று கேட்டார்.

"போகும்போது ஏறுவேன்," என்றாள் கோமதியம்மாள். "வரும்போது மாட்டேன்."

வேங்கடசுப்ரமணியனின் முகம் விழுந்தது. "ஏன்?"

"காலையில ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம். பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி வச்சுட்டு வரலாம். கேட்டப் பூட்டிருவானோன்னு நெஞ்சு அடிக்காது. அதுக்குப் பத்துப் பைசா குடுப்பேன். சாயங்காலம் மூணரைக்கு வேலை முடியுது. வார வழியில மார்க்கெட்டுல காய் வாங்கி, நாலு கதை பேசிக்கிட்டு மெதுவா வருவோம். அதுக்கு எதுக்கு பஸ்ஸு?"

அன்னத்தாய் குறுக்கிட்டாள். "ஏளா, ரெண்டு நேரமும் ஏறுவோம்னு சொல்லு! மொதல்ல பஸ்ஸு வரட்டும். வந்தப்பறம் ஏறுனா என்ன, ஏறாட்டி என்ன?"

மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேங்கடசுப்ரமணியன் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். அவருக்கும் அவள் அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது.

கோமதியம்மாள் தலையை ஆட்டினாள். "பொய்யச் சொல்லி பஸ்ஸ வரவழச்சா, சாயங்காலம் ஆளில்லாம ஓடும். ரெண்டு மாசத்துல பந்த் பண்ணிருவான். அப்பறம் இந்த சார் மூஞ்சியில முழிக்க முடியுமா? நம்மளத்தான் யாராவது நம்புவாங்களா? உள்ளத எழுதுங்க சார். வாரது வரட்டும்."

எழுதிக்கொண்டார். மற்றவர்களும் அதற்குப் பிறகு உள்ளதையே சொன்னார்கள். மற்ற சந்துகளில் ஏற்கெனவே கேட்டிருந்ததையும் கூட்டினால் காலையில் நூற்றெண்பது பேர் ஏறுவார்கள். மாலையில் பதினான்கு பேர். அன்னத்தாயும் கடைசியில், "எனக்கும் காலையில மட்டும்," என்று முணுமுணுத்தாள்.

தோற்ற கேஸ்தான் என்று நினைத்துக்கொண்டு வேங்கடசுப்ரமணியன் காகிதங்களை அடுக்கினார். அப்போதுதான் நம்பிராஜன் பேச்சுவாக்கில் சொன்னார்:

"அந்தக் காலி பஸ்ஸு நின்னு எங்கள ஏத்திக்கிட்டாலே போதும்னு இவ தெனமும் சொல்லுவா சார்."

"எந்தக் காலி பஸ்?"

"ரெண்டு பஸ்ஸு," என்றாள் கோமதியம்மாள். "டிராம்பே ரோட்டுல நாங்க நடக்கும்போது தெனமும் ஆறேகாலுக்கு எங்களத் தாண்டிப் போகும். உள்ள டிரைவர், கண்டக்டரத் தவிர ஒரு ஈ காக்கா கெடையாது. கைய ஆட்டுனா நிறுத்த மாட்டான். நீங்க அன்னிக்கு வந்தப்பக்கூடப் போச்சே, பாக்கலயா?"

பார்த்திருந்தார். ஆட்களை எண்ணுகிற மும்முரத்தில் பஸ்ஸை எண்ணவில்லை. செம்பூரிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்ப வேண்டிய பஸ்கள் டிப்போவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்காகக் காலியாக ஓடுகின்றன! டிப்போவிலிருந்து கொஞ்சம் முன்னால் கிளம்பித் தாராவி வழியாகச் சுற்றிப் போனால்? புது பஸ் வேண்டாம், புது டிரைவர் வேண்டாம். சாயந்தரம் ஓட்டவே வேண்டாம். அவர் காகிதங்களை அள்ளிக்கொண்டார். எழுந்து நின்று, "அம்மா, நான் வரேன்," என்று செருப்பைக்கூட இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் போன பிறகு அந்தச் சந்தில் அரை மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை.

மிஸ் ரோஷன் தன் கண்ணால் பார்க்காததை மேஜைக்குக் கொண்டுபோகிறவள் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அவளும் வேங்கடசுப்ரமணியனும் டிராம்பே ரோட்டு ஓரம் நின்றார்கள். பெண்கள் அவர்களைக் கடந்து போனார்கள். கோமதியம்மாள் நின்று, இரண்டு கையையும் கூப்பி, "சார் சொன்ன பேப்பரு மேடம் நீங்கதானா?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"நான்தான் அந்த முட்டை மேடம்," என்று ரோஷனும் ஹிந்தியில் சொன்னாள்.

ஆறு பதினாறுக்கு ஒரு பஸ். ஆறு இருபத்திரண்டுக்கு இன்னொன்று. இரண்டும் காலி. ஐந்து நாள் தொடர்ந்து வந்து நின்று குறித்துக்கொண்டாள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் கணக்கு மாறியிருந்தது. இரண்டு பஸ்ஸும் சுற்றிப் போகிற தூரத்துக்கு டீசல், சீக்கிரம் கிளம்புவதற்கு ஓட்டுநர், நடத்துநர் படி எல்லாம் சேர்த்து, டிக்கெட் வரவு போக, ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய் துண்டு விழும். "பதினோரு ரூபாய்க்கா குழு கூடினோம்?" என்று யாரோ கேட்டார்கள். மாலையில் ஏறுகிறவர்கள் பதினான்கு பேர்தான் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்ததைப் பார்த்து பஸ் நிர்வாகத்துக்காரர் வியந்தார். "எந்த ஊரும் இப்படி எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் என்றுதான் எழுதுவார்கள். இதை நம்பலாம் போலிருக்கிறதே!" என்றார்.

பணம் சின்னதாகிவிட்டதால் தகராறும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பதினோரு ரூபாயை மூன்றாக வகுத்தால் தலைக்கு மூன்று ரூபாய் அறுபத்தாறு பைசா; இரண்டு பைசா மிஞ்சுகிறது. அது யார் தலையில் என்று கணக்கு அதிகாரி கேட்டார். சர்க்கார் பிரதிநிதி பஸ் பிரதிநிதியைப் பார்த்தார். அவர் ரோஷனைப் பார்த்தார். கால் மணி நேரம் அந்த இரண்டு பைசா மேஜையைச் சுற்றி வந்தது. கடைசியில் தூரத்து ஊர்த் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அந்த இரண்டு பைசா எங்கள் ஊர் கொடுக்கும். ஆனால் என் மேம்பாலம் வரும்போது இதை யாரும் மறக்கக் கூடாது," என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது.

ஏப்ரல் முதல் வாரம், திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குத் தாராவி முனையில் சிவப்பு பஸ் ஒன்று திரும்பி வந்து நின்றது. அன்னத்தாய் மாலை வாங்கி வைத்திருந்தாள். பஸ்ஸின் மூக்கில் எங்கே கட்டுவது என்று தெரியாமல் கண்ணாடி துடைக்கிற கம்பியில் மாட்டிவிட்டாள். டிரைவர் இறங்கி வந்து சலித்துக்கொண்டே அதை எடுத்து, தூக்கி எறிய மனசில்லாமல், தன் சீட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

இரண்டு பஸ்ஸுக்கும் சேர்ந்து நூற்றுப்பத்துப் பேருக்குத்தான் இடம். வந்திருந்தவர்கள் நூற்றெண்பதுக்கும் மேல். ஒரே தள்ளுமுள்ளு. கண்டக்டர் மராத்தியில் கத்தினார். பெண்கள் திருநெல்வேலித் தமிழில் திருப்பிக் கத்தினார்கள். கடைசியில் கோமதியம்மாள் படியில் ஏறி நின்று, பிள்ளைத்தாய்ச்சிகளும் கால் நோவுக்காரர்களும் தினமும் ஏறட்டும், மற்றவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏறலாம் என்று ஏற்பாடு செய்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். வேங்கடசுப்ரமணியன் அதையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டு போய் ரோஷனிடம் கொடுத்தார். மே மாதம் மூன்றாவது பஸ்ஸும் வந்தது. நஷ்டம் என்று எடுத்துவைத்த பதினோரு ரூபாயில் பாதிகூடச் செலவாகவில்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் வேங்கடசுப்ரமணியன் சயான் சர்க்கிளில் நின்று டிக்கெட் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றதும் கோமதியம்மாள் அங்கே ஏறுவதைப் பார்த்தார்.

"என்னம்மா இது? பஸ் உங்க சந்து முனையிலேயே நிக்கறது. இங்க வரைக்கும் நடந்து வந்து ஏறணுமா?"

"காத்தாட நடந்து வந்தேன் சார்," என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்குக் கீழே நின்ற நம்பிராஜன் டப்பாவை உள்ளே நீட்டினார். வேங்கடசுப்ரமணியனைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். "மொத வாரம் அங்கனயே ஏத்திவிட்டேன் சார். நாலு நாளா வீட்ல ரெண்டு பேரும் பேச்சே இல்ல. சண்டை ஒண்ணும் கெடையாது. பேச எடமில்ல. அதான் இப்ப பொடிநடையா சயானுக்கு வந்துருதோம்."

வேங்கடசுப்ரமணியன் டிக்கெட் கணக்குக்குத் திரும்பினார். இந்தத் தகவலை அவர் எந்தக் காகிதத்திலும் குறிக்கவில்லை.

ஜூன் பத்தாம் தேதி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. முதல் பெருமழை. தாராவிச் சந்துகளில் முழங்கால் தண்ணீர். ஆறு பத்து பஸ்ஸும் அதற்குப் பின்னால் வருபவையும் ஆறரை வரைக்கும் வரவில்லை. கோமதியம்மாளும் நம்பிராஜனும் சயான் சர்க்கிளில் ஒரே குடைக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆக அவளுக்குப் பதற்றம் கூடிற்று.

"இனிமே நின்னா ஆகாது. நான் நடக்கேன். நீங்க போங்க."

"குடை ஒண்ணுதானே இருக்கு? நட, கொஞ்ச தூரம் கொண்டாந்து விடுதேன்."

இருவரும் டிராம்பே ரோட்டில் இறங்கி நடந்தார்கள். பதினோரு வருஷத்தில் நம்பிராஜன் அந்தச் சர்க்கிளைத் தாண்டிக் கிழக்கே வந்ததே இல்லை. முன்னாலும் பின்னாலும் இன்னும் சில பெண்கள் பழைய பழக்கத்தில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். காற்று குடையை உள்வெளியாகத் திருப்பியது. அவர் அதைச் சரிசெய்யப் போராட, அவள் நனைந்தபடியே நின்று சிரித்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. பஸ். அந்த இடத்தில் ஸ்டாப் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் சதுப்புத்தான். ஆனாலும் டிரைவர் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சலோ, சலோ, ஜல்தி!" என்று கத்தினார். பெண்கள் ஓடிப்போய் ஏறினார்கள். கோமதியம்மாள் ஏறித் திரும்பிப் பார்த்தாள். நம்பிராஜன் உடைந்த குடையோடு கீழேயே நின்றார்.

"ஏறுங்க!"

"நான் எதுக்கு? பட்டறைக்கு..."

"இந்த மழையில பட்டறை தொறக்கவா போறாக? ஏறுங்கன்னா!"

கண்டக்டர் அவர் கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். "அண்ணாச்சி பேக்டரிக்குப் பாட்டில் கழுவ வாராரு!" என்று அன்னத்தாய் பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். பஸ்ஸே சிரித்தது. கோமதியம்மாள் தன் முந்தானையைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டினாள். இவ்வளவு பேர் முன்னால் இப்படிச் செய்கிறாளே என்று நம்பிராஜனுக்குக் காது சிவந்தது. ஆனால் தலையை அவர் நகர்த்திக்கொள்ளவில்லை.

செம்பூரில் இறங்கி மிச்ச தூரம் இருவரும் நடந்தார்கள். ஒரு திருப்பத்தில் அவள் கையை நீட்டி, "அந்தா தெரியுதுல்லா நீலக் கேட்டு, அதான்," என்றாள். நம்பிராஜன் நின்று பார்த்தார். உயரமான சுவர், புகைபோக்கி, மழையில் கழுவி விட்ட மாதிரி ஒரு பெரிய நீலக் கேட். வேலை முடிந்து வந்து அவள் கோபமாகச் சொன்னதும் சிரித்துக்கொண்டு சொன்னதுமான எல்லாக் கதைகளும் இந்தச் சுவருக்குள் நடந்தவை. இதைவிடச் சின்னதாக அவர் நினைத்து வைத்திருந்தார்.

ஏழு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தது. கோமதியம்மாள் வாட்ச்மேன் முன்னால் போய் நின்றாள். கூர்க்காவுக்கு அவளைப் பதினோரு வருஷமாகத் தெரியும். அவள் நம்பிராஜனைச் சுட்டிக்காட்டி, இவர் என் புருஷன் என்று வாய்கொள்ளாப் பெருமையோடு ஹிந்தியில் சொன்னாள்: "யே மேரா ஆத்மி ஹை."

கூர்க்கா ஸ்டூலை விட்டு எழுந்து ஒரு சலாம் வைத்தான். நம்பிராஜனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உடைந்த குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரும் ஒரு சலாம் வைத்தார். சங்கு ஊதியது. அவள் உள்ளே ஓடினாள். அவர் கேட் மூடும் வரை அங்கேயே நின்றுவிட்டு, மழையில் ஒரு பீடி பற்றவைக்க மூன்று தரம் முயன்று தோற்று, செம்பூர்க் கடைவீதியில் எங்கேயாவது நல்ல குடையாக ஒன்று கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தார்.